அரிக்கேனுக்கு அழுக்குப் பூசுவது

வணக்கம் அண்ணே,

இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் செட்டிநாடு விமான ஓடுதளம் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வயது 52, ஊர் தேவகோட்டைப் பக்கம். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, வியாபாரத்துக்கு, போனவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது ஒரு கடையில் அடுத்தாளாக, உதவியாளராக, இருந்தார். அப்புறம் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, பர்மா எல்லையிலுள்ள தமு வழியாக இம்பால் வந்து, திமாப்பூரில் ரயிலேறி ஊர் சேர்ந்தார். அவர் சொல்லும் கதைகளில் ‘அரிக்கேன்’ என்று ஒன்று வானத்தில் பறக்கும். ரொம்ப நாள் அதை அரிக்கேன் விளக்கு என்றே நினைத்திருந்தேன்.

போன வருஷம் மகன் 1:72 அளவில், அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக, ஹரிக்கேன் போர் விமானத்தின் மாடல் கிட் ஒன்று வாங்கித் தந்தான். ஐயாவின் ‘அரிக்கேன்’ அதுதான். இறக்கையில் நான்கு பீரங்கி உள்ள வகை. ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்தேன். கிட்டோடு வந்த டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படம்) தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகிவிட்டது. கைவசம் இருந்த வேறொரு பிரிட்டிஷ் விமானத்தின் படை அடையாள வட்டங்களை ஒட்டினேன். பர்மா விமானம் என்பதால் இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை போட்டேன். ஒரு நண்பர் பார்த்துவிட்டு, ‘ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, பொம்மை மாதிரி’ என்றார். வீடியோக்களைப் பார்த்து உடம்பு முழுவதும் வெள்ளிப் பெயின்டைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன், தகடுகள் சேரும் கோடுகளில் எல்லாம் கறுப்பு விட்டேன். இப்போது மகன் ‘பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்ததா?’ என்கிறான். படங்களை அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு செய்தேன்? பெயின்டை எல்லாம் உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவா? காக்பிட்டுக்கு (மீட்டர் பலகை, பெல்ட் போன்ற நுணுக்கப் பாகங்கள் கொண்ட) உலோகத் தகடு செட் வாங்கலாமா? ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தூவும் கருவி) இல்லாமல் முடியுமா? அதன் கம்ப்ரஸரைப் போட்டால் மதியம் ஆயா (பாட்டி) தூங்க முடியவில்லை என்கிறார்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அரிக்கேன் விளக்கை நினைத்துச் சிரித்துவிட்டுத்தான் படங்களைத் திறந்தேன். ஒட்டுவேலை நன்றாக இருக்கிறது. இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இடைவெளியே தெரியவில்லை, அதுதான் கஷ்டமான இடம். உங்கள் நண்பர் சொன்னதும் சரி, மகன் சொன்னதும் சரி. அழுக்கு இல்லாதது குறையாக இருந்தது. இப்போது இருக்கிற அழுக்கு ஏன் வந்தது என்று அந்த விமானத்துக்கே தெரியாது.

முதலில் அந்த வெள்ளி. பெயின்ட் உரிந்து உள்ளே அலுமினியம் தெரிவதைக் காட்டத்தான் வெள்ளி தொடுகிறோம். ஆனால் ஹரிக்கேனின் பின்பாதியில் அலுமினியத் தகடே கிடையாது. விமானி உட்காரும் இடத்துக்குப் பின்னால் வால் வரைக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மரச் சட்டங்கள், அதன்மேல் இழுத்துக் கட்டி டோப் (துணியை விறைப்பாக்கும் பூச்சு) பூசிய துணி. வாலிலுள்ள சுக்கானும் துணிதான். சிட்னி காம் வடிவமைத்த இந்த விமானம் முதலில் பறந்தது 1935 நவம்பரில். துணி போர்த்திய பழைய விமானங்களுக்கும் முழு உலோக விமானங்களுக்கும் நடுவாந்திரத்தில் பிறந்தது. இறக்கையைப் பிற்பாடு உலோகமாக்கினார்கள், பின் உடம்பைக் கடைசிவரை துணியாகவே விட்டார்கள். குண்டு துளைத்தால் துணியை ஒட்டிவிட்டு மறுநாளே பறக்கலாம் என்பது அதில் ஒரு சௌகரியம்.

வேட்டி கிழிந்தால் உள்ளேயிருந்து வெள்ளி மின்னுமா? உங்கள் விமானத்தின் வால்பக்கம் அப்படி மின்னுகிறது. அங்கே உள்ள வெள்ளி அத்தனையையும் மூடிவிடுங்கள். பதிலுக்கு, பின்பாதியின் பச்சையிலும் மண் நிறத்திலும் ஒரு துளி வெள்ளை கலந்து, நன்றாக நீர்க்க வைத்து ஒரு பூச்சு கொடுங்கள். துணியும் தகடும் வெயிலில் ஒரே மாதிரி வெளுப்பதில்லை. எங்காவது ஒரு இடத்தில் சின்னச் சதுரமாகப் புதுப் பச்சை வைத்தால் போதும், ஒட்டுப் போட்ட இடம் என்று பார்க்கிறவர் புரிந்துகொள்வார். தகடுகள் சேரும் கோடும் பின்பாதியில் இல்லை, துணிக்கடியில் ஓடும் சட்டங்களின் மேடு மட்டும்தான். அங்கே கறுப்பு வாஷுக்கு (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த பெயின்டுக்கு) வேலையே இல்லை.

கோடு பற்றி ஒரு கணக்கு. 1:72 அளவில் கால் மில்லிமீட்டர் கோடு என்பது நிஜ விமானத்தில் 18 மில்லிமீட்டர், ஒரு விரல் நுழையும் இடைவெளி. அப்படிப்பட்ட விமானத்தில் யார் ஏறுவார்கள்? கிட் செய்கிறவர்களுக்கு அதைவிட மெல்லியதாக வெட்டுவது சிரமம், அதனால் கோடு ஏற்கெனவே தடிமனாகத்தான் வருகிறது. அதில் கறுப்பையும் ஊற்றினால் கட்டம்போட்ட கைலிதான். அடிநிறத்தைவிட இரண்டு படி கருமையான பழுப்பு போதும். எண்ணெயில் கரையும் வாஷாக இருந்தால் காய்ந்த அக்ரிலிக் பெயின்டைத் தின்னாது, தப்பானால் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிடலாம்.

சரி, அழுக்கு எங்கே இருக்கலாம்? இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இருக்கலாம். விமானி பூட்ஸ் காலோடு அந்தப் பக்கமாகத்தான் ஏறுகிறார், அங்கே தகடு, அங்கே வெள்ளி தாராளமாகத் தெரியலாம். எஞ்சின் மூடியைக் கழற்றி மாட்டும் திருகுகளைச் சுற்றி இருக்கலாம், மெக்கானிக் தினமும் திறக்கிற இடம். பெட்ரோல் ஊற்றும் மூடியைச் சுற்றி ஈரக்கறை வரலாம். பீரங்கித் தோட்டாக் கூடுகள் வெளியே விழும் துளைகளுக்குப் பின்னால், இறக்கையின் அடியில், கரி இருக்கும். புகைபோக்கிகளுக்குப் பின்னால் காற்று இழுத்துப் போன திசையில் நீளமாக ஒரு கறை. அது முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. எஞ்சினுக்கு எரிபொருள் அதிகமாகப் போகும்போது கரி படியும், சிக்கனமாக நெடுந்தூரம் ஓட்டினால் சாம்பல் நிறம் படியும். நான் நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாகப் போடுவேன், பென்சில் சீவிய கரியையும் பேஸ்டல் சாக்கையும் பொடித்துப் பஞ்சில் தொட்டு. ஏர்பிரஷில் போடுவதைவிட இது எனக்குக் கைவருகிறது.

ஒரு சமயம் ஆர்வக்கோளாறில் நம் ஊர்ச் செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்து ஒரு மாடலின் சக்கரத்தில் தூவினேன். அழகாகத்தான் இருந்தது. அந்த விமானம் நம் மண்ணில் நின்றதே இல்லை என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது. ஓடுதளக் கட்டுரை எழுதுகிற ஆளுக்கே இந்தக் கதி.

பளபளப்புக்கு வருகிறேன். நண்பர் ‘பொம்மை’ என்றதற்குப் பாதிக் காரணம் அதுதான். நீங்களும் நானும் வளர்ந்த வீடுகளில் பளபளப்புதான் மரியாதை. முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பைப் பூசி, கண்ணாடி மாதிரி தேய்த்து, நூறு வருஷம் கழித்தும் முகம் தெரிகிற சுவர். பட்டாலையில் பர்மாத் தேக்குத் தூண், அதையும் துடைத்துத் துடைத்தே வைத்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஹரிக்கேனையும் பளபளவென்று ஆக்கிவிட்டீர்கள். போர் விமானத்துக்கு மின்னுவது ஆபத்து. ராயல் ஏர்ஃபோர்ஸின் மறைநிறப் பெயின்ட் மின்னாத வகை. ஆனால் டெக்கால் ஒட்டும் வரைக்கும் பளபளப்பு வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று அடைபட்டு, டெக்காலின் ஓரம் வெள்ளி பூத்த மாதிரி தெரியும். கிளாஸ் (பளபளக்கும்) வார்னிஷ், டெக்கால், வாஷ், கடைசியாக மேட் (மின்னாத) வார்னிஷ் என்பது வரிசை. நீங்கள் கடைசிப் படியை விட்டுவிட்டீர்கள்.

அந்தக் கடைசிப் படியை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ள வேண்டாம். மழை ஈரத்தில் லாக்கர் வகை மேட் வார்னிஷ் அடித்தால் சாம்பல் பூத்துவிடும். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் பேர் வாங்கிய நாட் போர் விமானத்தின் மாடலை நான் ஒரு அடைமழை நாளில் அப்படித்தான் பாழாக்கினேன். 1:72-இல் இறக்கை பத்து சென்டிமீட்டர்கூட வராத குட்டி விமானம், மூன்று வாரத்து வேலை, பத்து விநாடியில் திருநீறு பூசிக்கொண்டது. சித்திரை வெயிலில் வேறு தொல்லை: அக்ரிலிக், பிரஷின் நுனியிலேயே காய்ந்துவிடும். காய்வதைத் தாமதமாக்கும் ரிடார்டர் இரண்டு சொட்டு விடுங்கள், அல்லது விடிகாலையில் அடியுங்கள்.

காக்பிட் கண்ணாடியில் ஒன்று கவனித்தேன். வெளியே பச்சை அடித்த சட்டங்கள் உள்ளேயிருந்து பார்த்தாலும் அதே பச்சையாகத் தெரிகின்றன. நிஜத்தில் உள்பக்கம் சாம்பல் கலந்த பச்சை. ஆத்தங்குடியில் கல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிப் பலகையின் மேல் முதலில் வண்ணக் கலவையை ஊற்றுவார்கள், அதன்மேல்தான் சிமெண்டும் மணலும். பிறகு கல்லைத் திருப்பிக் கண்ணாடியை எடுத்தால் முதலில் ஊற்றியதுதான் முகம். காக்பிட் கண்ணாடியும் அதே கணக்குதான். மாஸ்கிங் டேப்பைப் புது பிளேடால் வெட்டி ஒட்டிய பிறகு, முதலில் உள்பக்க நிறத்தை அடியுங்கள், அது காய்ந்ததும் மேலே வெளிநிறம். வெளியே நின்றால் வெளிநிறம், கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் முதலில் அடித்தது. ஹரிக்கேனுக்குச் சட்டம் ஏகப்பட்டது, ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும். சூப்பர் பசை ஆவி பட்டால் கண்ணாடி மூட்டம் போட்டுவிடும்.

உலோகத் தகடு செட் இப்போது வேண்டாம். உங்கள் மாடலில் காக்பிட்டின் கண்ணாடிக் கூண்டு மூடியிருக்கிறது. இந்த அளவில் மூடிய கண்ணாடிக்குள் இருக்கையின் மேல்பாதியும் பெல்ட்டும்தான் தெரியும். பெல்ட்டை மாஸ்கிங் டேப்பில் மெல்லிய கீற்றாக வெட்டி, மங்கலான காவி அடித்துவிடலாம். மீட்டர் பலகைக்குக் கொடுக்கிற காசு ஊருணியில் போட்டதுதான். அடுத்த மாடலில் கூண்டைத் திறந்துவைப்பதாக இருந்தால் வாங்குங்கள்.

ஏர்பிரஷ் இல்லாமல் தாராளமாக முடியும். நல்ல தட்டைப் பிரஷ், நீர்க்கக் கலந்த பெயின்ட், மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே முழுசாகக் காயவிடுவது, அவ்வளவுதான். ஆயாவைத் தூங்க விடுங்கள்.

இனி பெரிய விஷயம். உங்கள் விமானம் எந்த வருஷத்தது? நீங்கள் ஒட்டிய வட்டத்தின் நடுவில் சிவப்பு இருக்கிறது. 1942 ஜனவரியில் ரங்கூனுக்கு வந்த ஹரிக்கேன்களில் அந்தச் சிவப்பு இருந்தது. பிறகு, தூரத்தில் பார்த்தால் ஜப்பான்காரர்களின் சிவப்புச் சூரியன் மாதிரி தெரிந்து சொந்த ஆட்களே சுட்டுவிடக்கூடும் என்று இந்தியா, பர்மாப் பக்கம் சிவப்பை எடுத்துவிட்டார்கள். வெளியே கருநீலம், நடுவில் வெளிர்நீலம், அளவும் பல விமானங்களில் சிறியது. இந்திய விமானப் படையும் அதையே போட்டுக்கொண்டது. வெள்ளைப் பட்டை இன்னும் பின்னால், போரின் கடைசிக் கட்டத்தில் வந்தது. ஆக, உங்கள் விமானத்தின் வட்டம் 1942, பட்டை 1945.

எதை நீக்குவது என்று கேட்டால் நான் இரண்டையும் நீக்குவேன். ஐயா தமு வழியாக இம்பாலுக்கு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் போர் அதே பாதையில் இம்பாலுக்கு வந்தது. 1944-இல் ஜப்பானியப் படை ஊரைச் சூழ்ந்து நின்றபோது, இந்திய விமானப் படையின் முதலாம் ஸ்குவாட்ரன் அங்கிருந்து பறந்துகொண்டிருந்தது. தலைமை அர்ஜன் சிங், பின்னாளில் மார்ஷல் ஆனவர். அவர்கள் ஓட்டியது நான்கு பீரங்கி ஹரிக்கேன், உங்கள் மேஜையில் இருக்கிற அதே வகை. எதிரி எங்கே நகர்கிறான் என்று தாழப் பறந்து பார்த்துவருவது அவர்களுடைய முக்கிய வேலை. ஐயா நடந்துவந்த காடும் மலையும் அந்த விமானிகளுக்கு மேலிருந்து அத்துப்படி.

அதனால் உரிக்கவெல்லாம் வேண்டாம். வெள்ளைப் பட்டையின் ஓரத்தை நைசான உப்புத்தாளால் ஈரம் தொட்டுத் தேய்த்து மட்டமாக்கிவிட்டுப் பச்சையையும் மண் நிறத்தையும் மேலே கொண்டுவாருங்கள். வட்டங்களுக்கு டெக்கால் தேட வேண்டாம். அலுவலகத்தில் தாளில் ஓட்டை போடுகிற பஞ்சிங் கருவியால் மாஸ்கிங் டேப்பில் ஓட்டை போடுங்கள். அந்தச் சின்ன வட்டம் 1:72-இல் ஏறக்குறைய அந்த ஓட்டையின் அளவுதான். டேப்பை ஒட்டி, ஓட்டைக்குள் கருநீலம் தொட்டு எடுங்கள். காய்ந்தபின் பல்குச்சியின் பின்முனையால் நடுவில் வெளிர்நீலம் ஒரு பொட்டு. என் முதல் இரண்டு வட்டமும் கோணலாகத்தான் வந்தன, மூன்றாவது சரியாக இருந்தது. அந்தப் பக்கம் வரும்போது சொல்லி அனுப்புகிறேன், மாடலைக் காட்டுங்கள். அதற்குள் பட்டை போகாவிட்டாலும் பரவாயில்லை, சிவப்பை முதலில் மூடிவிடுங்கள்.