வாசகர் கேள்வி: கரப்பானுக்கும் தண்ணிப் பஞ்சம்தான்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி ஒரே ஆளைப் பற்றிய புகார். ஆறு கால், நீள மீசை, லைட்டைப் போட்டதும் காணாமல் போகிற ஆள். அதனால் மற்றவர்களின் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணே, ரெண்டு வேளையும் வீட்டைப் பெருக்கித் துடைக்கிறேன். ராத்திரி ஒரு தட்டுகூடக் கழுவாமல் போடுவதில்லை. அப்படியும் அடுப்படியில் கரப்பான் ஓடுது. "சுத்தமா இருக்கிற வீட்டுக்கு அது ஏன் வரப்போகுது"ன்னு மாமியார் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்றாங்க. சுத்தக்குறைவுதான் காரணமா?
— வாசகி, தேவிபட்டினம்

இல்லைம்மா. இந்தப் பக்கத்தை மாமியார் கண்ணில் படுகிற மாதிரி எங்காவது வைத்துவிடுங்கள், நீங்களே கையில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

எச்சில், குப்பை கிடந்தால் கரப்பான் பெருகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்குள் ஏன் வருகிறது என்று கேட்டால், நம் கடற்கரைப் பக்கம் முதல் பதில் சோறு இல்லை, தண்ணீர். சாப்பாடு இல்லாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்குமோ, தண்ணீர் இல்லாமல் அதில் பாதி நாள்கூடத் தாங்காது. வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: உவர் மண், சீமைக் கருவேலம், சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கண்மாய். நாமே லாரி வருகிற நாளையும் காவிரித் தண்ணீர் திறந்துவிடுகிற நாளையும் எண்ணிக்கொண்டு குடங்களை வரிசையில் போட்டு வைத்திருக்கிறோம். இப்படிப்பட்ட ஊரில் ராப்பகலாக ஈரம் இருக்கிற இடம் உங்கள் அடுப்படியும் குளியலறையும்தான். நாம் தெருக்குழாய்க்கு ஓடுகிறோம், அது நம் வீட்டுக்கு ஓடி வருகிறது.

இதை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். பெரியபட்டினம் பக்கத்தில் எங்கள் அப்பத்தா வீடு. குடிதண்ணீர் மண்பானையை ஒரு மூலையில் மணல் பரப்பி அதன்மேல் வைத்திருப்பார். ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது, தாகமாக இருந்ததால் டார்ச்சோடு போனேன். பானை வயிறு முழுக்க வேர்த்திருந்தது. அந்த வேர்வையில் பெரிய கரப்பான் ஒன்று தலைகீழாக ஒட்டிக்கொண்டு, மீசை இரண்டையும் முதுகுப் பக்கம் சாய்த்துக்கொண்டு, ஒரு சொட்டில் வாயை வைத்திருந்தது. வாய்க்குப் பக்கத்தில் குட்டி விரல்கள் மாதிரி இருக்குமே, அவை மட்டும் சொட்டைத் தொட்டுத் தொட்டு எடுத்தன. வெளிச்சம் பட்ட மறுநொடி ஓடுகிற பிராணி, மூஞ்சியில் டார்ச் அடித்தும் நகரவில்லை. ரெண்டு முழம் தள்ளி பழுத்த வாழைத்தார் தொங்கியது, அதைச் சீந்தவே இல்லை. அதற்கப்புறம் யார் வீட்டில் கரப்பான் என்று சொன்னாலும் "என்ன சிந்தியிருக்கு" என்று கேட்பதை விட்டுவிட்டு "எங்க கசியுது" என்றுதான் கேட்கிறேன்.

நீங்களும் இன்றைக்கு எல்லோரும் படுத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். சிங்க்குக்குக் கீழே குழாய் இணைப்பு, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச், மூலையில் சாத்திய ஈர மாப், குடங்களின் அடி, சிலிண்டர் அடிவளையம். முக்கியமாக ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கீழே ஒரு தட்டு இருக்கும், உள்ளே உருகுகிற தண்ணீர் அதில்தான் வந்து நிற்கும். பக்கத்திலேயே மோட்டார் சூடு, சுற்றிலும் இருட்டு, காலடியில் தண்ணீர். வருஷம் முழுக்க வாடகையில்லாத வீடு அது, யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

அப்புறம், வருவது எந்த ரகம் என்று பாருங்கள், ஏனென்றால் இரண்டும் வருகிற வழி வேறு. ஒன்றரை அங்குலம் நீளம், செம்பழுப்பு, சமயத்தில் பறந்தும் வரும் என்றால் அது சாக்கடை, கழிவுத்தொட்டி, விறகுக் குவியல் பக்கம் வாழ்கிற பெரிய ரகம், குழாய் நுழைகிற ஓட்டை வழியாகவும் கதவடி இடைவெளி வழியாகவும் வருகிறது. இரண்டு ஒரு ரூபாய்க் காசை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உயரத்துக்குச் சந்து இருந்தால் போதும், உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு நுழைந்துவிடும். குழாயைச் சுற்றிச் சிமெண்ட் பூசச் சொல்லுங்கள், கதவடியில் ரப்பர் பட்டை அடியுங்கள். அரை அங்குலம்தான், வெளிர் பழுப்பு, கழுத்துக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு என்றால் கதை வேறு. அது தெருவிலிருந்து நடந்து வருவதில்லை, நாம்தான் தூக்கிக்கொண்டு வருகிறோம். மளிகைக்கடை அட்டைப்பெட்டி, முட்டை அட்டை, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃப்ரிட்ஜ், இவற்றின் மடிப்பில் ஒளிந்து வந்துவிடும். அட்டைப்பெட்டியை வாசலிலேயே பிரித்துச் சாமானை மட்டும் உள்ளே எடுங்கள்.

மருந்து விஷயத்தில் ஒன்றே ஒன்று. சின்ன ரகத்துக்கு ஸ்ப்ரே அடித்துப் பயனில்லை. பெண் கரப்பான் முப்பது நாற்பது முட்டை கொண்ட கூட்டைப் பொரிக்கப் போகிறவரை வாலில் கட்டிக்கொண்டே சந்துக்குள் உட்கார்ந்திருக்கும், ஸ்ப்ரே அங்கே போகாது, நெடிக்குப் பயந்து அடுத்த அறைக்கு வேண்டுமானால் குடிபோகும். கடையில் ஊசியில் அடைத்து விற்கிற ஜெல்லைக் கடுகளவு கடுகளவாகச் சந்தின் வாயில் வையுங்கள். தின்றது கூட்டுக்குள் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்கிற மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அப்புறம் ஒன்றும் வாய் வைக்காது. படுக்கப் போகும்முன் சிங்க்கைத் துணியால் துடைத்துக் காயவிடுவதையும் சேர்த்துச் செய்யுங்கள். பெருக்குவதில் இதுவரை செலவழித்த நேரத்தில் பாதி போதும்.

வாப்பா சவுதியில் வேலை பார்ப்பதால் நாங்களும் அங்கேதான் இருந்தோம். ஒன்றரை வருஷம் கழித்துக் கீழக்கரை வீட்டைத் திறந்தால் குளியலறை முழுக்கக் கரப்பான். ஒரு பருக்கை சோறு இல்லாத, பூட்டிய வீட்டில் எப்படி வந்தது, எதைத் தின்றது?
— கல்லூரி மாணவி, கீழக்கரை

உங்கள் தெருவிலேயே பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள், எல்லா வீட்டிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கும். குளியலறைத் தரையில் ஜாலிக்குக் கீழே, சிங்க்குக்குக் கீழே, கழிப்பறைக் கோப்பையில், எல்லா இடத்திலும் குழாயை வளைத்து வைத்திருப்பார்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கழிவுத்தொட்டி நாற்றம் மேலே வராமல் மூடி போட்ட மாதிரி தடுப்பது அந்தத் தண்ணீர்தான். நாம் தினமும் ஊற்றுகிறவரை அது நிற்கும். வீட்டைப் பூட்டிவிட்டு விமானம் ஏறினால் நம் ஊர் வெயிலுக்குச் சில வாரங்களில் வற்றிவிடும். அப்புறம் கழிவுத்தொட்டிக்கும் உங்கள் குளியலறைக்கும் நடுவில் கதவே இல்லை. வாசலுக்கு மூன்று பூட்டு போட்டிருப்பீர்கள், அது வேறு விஷயம்.

தின்பதற்கு என்ன பஞ்சம்? மிச்சம் விட்டுப்போன சோப்பு, அட்டைப்பெட்டிப் பசை, அலமாரியில் இருக்கிற புத்தகங்களின் பைண்டிங், சீப்பில் சிக்கிய முடி, ஒன்றும் கிடைக்காவிட்டால் செத்த சொந்தக்காரனையே தின்னும்.

அடுத்த தடவை கிளம்பும்போது பெட்டியெல்லாம் வாசலுக்குப் போனபிறகு கடைசி வேலையாக ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து நின்றால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. ஜாலியின் மேல் ஒரு டைல்ஸ் துண்டை வைத்து மூடிவிடுங்கள். சாவி யாராவது லாத்தாவிடம் இருக்கும் அல்லவா, மாதம் ஒருமுறை வந்து தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். தூசி தட்டச் சொன்னால் மறந்துவிடுவார்கள், இதை மட்டும் சொல்லுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் கரையில் இருக்கிற ரெண்டு மாசமும் வீட்டில் சின்னக் கரப்பான் பெருகிவிடுகிறது. தொழிலுக்குப் போன பிறகு நான் ஒருத்தியாகக் கிடந்து மாரடிக்கிறேன். இது என்ன கணக்கு?
— வாசகி, பாம்பன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு நிற்கும், ஆனால் அதிலிருக்கிற சாமான் அத்தனையும் வீட்டுக்கு வந்துவிடும். அடுப்பு, சோற்றுப் பானை, மளிகை டப்பா, போர்வை, ரேடியோ. அவர் மேல் பழி போடவில்லை, ஆனால் கரப்பான் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். படகு கேபின் அதற்குச் சொர்க்கம்: என்ஜின் சூடு, அங்கேயே சமையல், நல்ல தண்ணீர் டிரம், பலகைக்குப் பலகை சந்து. கப்பல் என்று ஒன்று இருக்கிற காலம் முதல் கப்பலில் கரப்பானும் இருக்கிறது.

அடுத்த தடவை சாமானைக் கரையிலேயே, வெயில் ஏறின பிறகு, மணலில் பரப்பி ஒவ்வொன்றாகக் கவிழ்த்து உதறச் சொல்லுங்கள். அடுப்பின் அடித்தகட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், ரேடியோவின் பின்மூடியையும். வீட்டு முற்றத்தில் உதறக் கூடாது, அது கரப்பானை நடையில் இறக்கிவிட்ட கதைதான். கருவாட்டைச் சாக்கில் வைக்காமல் மூடி இறுக்கமான டின்னில் போடுங்கள்.

வெயில் காலத்தில் தண்ணீருக்காக வருகிறது என்றால், ஐப்பசி மழையில் ஊரே தண்ணீராக இருக்கும்போதும் ஏன் வருகிறது?
— வாசகர், உச்சிப்புளி

மடக்கிவிட்டீர்கள். மழையில் சாக்கடையும் கழிவுத்தொட்டியும் நிரம்பினால் அதன் வீடு மூழ்குகிறது, மேட்டுக்கு ஏறுகிறது. வெள்ளத்தில் நாம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி. சாக்கடையில் ஃபினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றினாலும் இதேதான், நாலு சாகும், நாற்பது மேலே ஏறி உங்கள் வீட்டுக்கு வரும். ஊற்றியே ஆகவேண்டுமென்றால் முதலில் ஜாலிகளை மூடிவிட்டு ஊற்றுங்கள்.

கரப்பான் பூச்சி மேலே ஊர்ந்தால் கரப்பான் நோய் வருமா? என் பேரனுக்குக் கை மடிப்பில் தடிப்பும் ராத்திரியில் இழுப்பும் இருக்கிறது.
— ஒரு பாட்டி, திருப்புல்லாணி

தோல் கரப்பானுக்கும் பூச்சிக்கும் பெயர்தான் ஒன்று, ஊர்ந்ததால் அது வராது. ஆனால் அந்த இழுப்பைச் சாதாரணமாக விடாதீர்கள், ஆத்தா. கரப்பானின் எச்சமும் உரித்துப் போட்ட தோலும் பொடியாகித் தூசியில் கலந்து, சில பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். டாக்டரிடம் காட்டும்போது வீட்டில் கரப்பான் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார். இன்னொன்று, துணிப்பெட்டியில் போடுகிறோமே பாச்சை உருண்டை, பேருக்கு ஏற்றபடி பாச்சையை அது விரட்டும் என்று நம்பிச் சிங்க்கில் எல்லாம் போடுகிறார்கள், பெரிதாகப் பயனில்லை. பிறந்த குழந்தையின் துணியோடு அதை வைக்கவே கூடாது, சில குழந்தைகளுக்கு இரத்தத்தில் சிவப்பணு உடைந்து காமாலை வந்துவிடும்.

அண்ணா, சின்னக் கரப்பானை அப்பா ஜெர்மன் கரப்பான் என்கிறார். ஜெர்மனியில் இருந்தா வந்தது?
— எட்டாம் வகுப்பு மாணவன், தொண்டி

பெயர் வைத்தவர் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு உயிரியல் அறிஞர், 1767-இல். ஐரோப்பாவில் பார்த்தார், வைத்துவிட்டார். 2024-இல் வெளியான ஆய்வில் 17 நாடுகளில் பிடித்த 281 கரப்பான்களின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சுமார் 2,100 வருஷத்துக்கு முன்னால், இந்தியாவிலோ மியான்மரிலோ, வயல்வெளிக் கரப்பான் ஒன்று மனிதன் வீட்டுக்குள் குடியேறி இப்படி ஆனது என்று தெரிந்தது. பெரிய ரகத்துக்கு அமெரிக்கக் கரப்பான் என்று பெயர், அது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறிப் போனது. அப்பாவிடம் சொல்லுப்பா, சின்னது நம்ம பக்கத்து ஆள்தானாம்.