வேன் பேட்டரியில் வெந்நீரா? கணக்கு உதைக்குது அண்ணே

மூணாறு ரிசார்ட்ல கண்ணாடி துடைக்கப் போற வேன்ல, 200 லிட்டர் டேங்கை 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி, இன்வெர்ட்டர், வாட்டர் ஹீட்டர் ராடு வச்சு சூடாக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. முடியாது. 10 டிகிரி தண்ணியை 40-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 7 யூனிட் வேணும். உங்க பேட்டரியில மொத்தமே 1.8 யூனிட்; லெட் ஆசிட்னா அதுல பாதியைத்தான் நம்பலாம்.

கேஸ் கீசரை வேனுக்குள்ள மாட்டுற யோசனை இருந்தா இப்பவே விட்டுடுங்க. கதவைச் சாத்தினா கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையே தெரியாது. கசியுற கேஸும் காத்தைவிட கனம், வேன் தரையிலேயே தேங்கும்.

நான் குமுளியில வீட்டு கரண்ட்லயே சூடாக்கிட்டுக் கிளம்புறேன். தெர்மோஸ்டாட் உள்ள 1500 வாட்ஸ் எலிமென்ட் டேங்க் அடியில, ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஸ்விட்ச்) வழியா கரண்ட், 5 மணி நேரம். சுத்தி தெர்மாகோல், மேல பழைய கம்பளி. முதல்ல சாதா ராடைத்தான் தொங்கவிட்டேன். அது டேங்கோட பிளாஸ்டிக் சுவர்ல சாய்ஞ்சு, சுவர் தோசை அளவுக்கு வட்டமா இளகிப்போச்சு. வீட்டுல வாங்கின திட்டு தனிக்கதை.

கொதிக்கிற தண்ணி வேண்டாம், குளிர்ந்த கண்ணாடி விரிசல் விட்டுடும். கை விறைக்காத சூடு போதும். டேங்கை பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்க. கொண்டை ஊசி வளைவுல 200 கிலோ சும்மா இருக்காது.