வேலியோரம் தானாக வளரும் சிலோன் பசலை காட்டுச் செடியா, சமைக்கலாமா?

சிலோன் பசலை நம் மண்ணின் காட்டுச் செடி அன்று. வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கீரை, தோட்டப்பயிராக நாடு நாடாகப் பரவி, நம் ஊர்களில் பாத்தியைத் தாண்டி வேலியோரத்திலும் சுவரிடுக்கிலும் தானாகவே வளரத் தொடங்கிவிட்டது. இளஞ்சிவப்பு நிறத்தில் ஐந்து இதழ்களுடன் பூக்கும் இதன் பூங்காம்பை விரலிடையில் உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். கொடிப்பசலையோ படர்ந்து ஏறும், இது ஏறாது. சிறு உருண்டைக் காய் முற்றி வெடித்ததும் பளபளக்கும் கரிய விதைகள் ஏராளமாகச் சிதறுகின்றன; களையென்று பிடுங்கி எறிந்த தண்டும் ஈரம் கிடைத்தால் வேர்விட்டுவிடும். தோட்டத்தை விட்டு வெளியேற இவ்விரண்டு வழிகளே இதற்குப் போதும்.

தாராளமாகச் சமைக்கலாம், மேற்கு ஆப்பிரிக்காவில் இது அன்றாடக் கீரை. ஆனால் சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்னும் உப்பு மிகுந்திருப்பதால் வேகவைத்த நீரை வடித்துவிடுவது நல்லது; சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்த்துவிட வேண்டும். சாக்கடையோரத்திலும் களைக்கொல்லி தெளித்த இடத்திலும் வளர்ந்ததை, எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும், தயவுசெய்து பறிக்காதீர்கள்.