மனச்சிதைவு நோய் உள்ளவரிடம் வீட்டார் பேசும் விதம் நோயைப் பாதிக்குமா? கூட்டுக் குடும்பமாக வாழும் நமக்கும் இது பொருந்துமா?

பாதிக்கும். ஆனால் வீட்டார் பேச்சினால் இந்த நோய் வருவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். "நான் வளர்த்த விதம்தான் காரணமோ" என்று தம்மையே நொந்துகொள்ளும் தாய்மார்கள் பலர். சிகிச்சையில் தேறி வந்தவருக்கு நோய் மறுபடி தலைதூக்குமா என்பதில்தான் வீட்டுப் பேச்சுக்குப் பங்கு உண்டு.

லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் உடன் பணியாற்றியவர்களும் 1972இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை ஒன்பது மாதங்கள் கவனித்தது. குற்றங்காணும் பேச்சும் பகைமையும், எதிலும் தலையிடும் மிகையான கவலையும் மிகுந்த வீடுகளில் 58 விழுக்காட்டினருக்கும், அவை குறைந்த வீடுகளில் 16 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியிருந்தது. பின்னர் சண்டிகரில் மனநல மருத்துவர்கள் நரேந்திர நாத் விக், ஜூலியன் லெஃப் குழுவினர் வீட்டாரின் பேச்சை இதே முறையில் அளந்து பார்த்தபோது, இப்படிப் பேசும் உறவினர் நான்கில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்தனர். ஆனால் பகைமை காட்டிய உறவினரோடு வாழ்ந்தவர்களுக்கு அங்கும் நோய் அதிகம் திரும்பியது. ஆகவே கூட்டுக் குடும்பம் என்பதாலேயே நாம் நிம்மதியடைய முடியாது. அமெரிக்காவில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்தவர்களோ, அங்கே கண்டிப்பான பேச்சைவிட அன்பு காட்டாமையே நோய் திரும்புவதோடு தொடர்புடையது என்று 2004இல் எழுதினார்கள்.

என் அண்ணன் இந்த நோயுடன் வாழ்கிறார். யாரும் பேசாதபோதும் அவருக்குக் குரல்கள் கேட்டபோது உறவினர் அனைவரும் இரக்கப்பட்டார்கள். குரல்கள் அடங்கிய பிறகு அவர் பேசாமல், குளிக்காமல் படுத்தே கிடந்தபோதுதான் "சோம்பேறி", "ஒரு கல்யாணம் பண்ணி வைத்தால் பொறுப்பு வந்துவிடும்" என்ற பேச்சுகள் தொடங்கின. ஊக்கமின்மையும் இந்நோயின் அறிகுறியே, மாத்திரைக்கு அது எளிதில் கட்டுப்படுவதுமில்லை என்பதை வீட்டில் ஒவ்வொருவருக்கும், வந்துபோகும் பெரியவர்களுக்கும் விளக்குவதே முதல் வேலை என்று நான் கருதுகிறேன்.

கூட்டுக் குடும்பத்தில் கவனிக்கும் சுமையைப் பகிரலாம் என்பது பெரிய வசதி, அதே வீட்டில் "மாத்திரை போட்டாயா?" என்று நான்கு பேர் கேட்பது தொல்லை. எங்கள் வீட்டில் அதை அண்ணி மட்டும் கேட்பார். இல்லாத குரலைப் பற்றி அண்ணன் சொல்லும்போது நாங்கள் வாதாடுவதில்லை, ஆமோதிப்பதுமில்லை. "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் பயந்திருப்பது தெரிகிறது" என்று சொல்லி அருகில் அமர்வோம். மருத்துவரிடம் செல்லும்போது குடும்பத்தாருக்கான ஆலோசனையையும் கேட்டுப் பெறுங்கள். மருந்தோடு அதுவும் சேரும்போது நோய் திரும்புவது குறைகிறது.