பனடோலும் கலண்டரும்

கேள்வி: எனக்கு 47 வயது. சுன்னாகத்துப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை. இருபது வயதிலிருந்தே மாதவிலக்குக்கு முதல் நாள் கபாலக்குத்து வரும். ஒருநாள் படுத்தெழும்பினால் போய்விடும். இப்போது இரண்டு வருடமாக விலக்கும் ஒழுங்கில்லை, தலையிடிக்கும் கணக்கில்லை. தொடங்க முன்னர் சிலவேளை கண்ணுக்குள் வளைந்து வளைந்து மின்னல் கோடு ஓடும். கண்ணாடி மாற்றினேன், ஸ்கானும் எடுத்தேன், ஒன்றுமில்லையாம். அன்றாடம் இரண்டு பனடோல் போட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். "உனக்கு எல்லாம் யோசினைதான்" என்கிறார் கணவர். விலக்கு நின்றால் இதுவும் நிற்கும் என்கிறார்களே, உண்மையா? விலக்கை ஒழுங்காக்கக் கருத்தடைக் குளிசை எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வேண்டாம். கண்ணுக்குள் ஓடும் அந்தக் கோட்டை வைத்தியர்கள் 'ஓரா' என்பார்கள். ஓரா உள்ளவர்கள் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் கலந்த கருத்தடைக் குளிசை எடுத்தால் பாரிசவாதம் வரும் அபாயம் கூடும். விலக்குக் கோளாறுக்குப் பெண்நோயியல் நிபுணரிடம் போகும்போது அந்தக் கோட்டைப் பற்றி நீங்களாகவே வாய் திறந்து சொல்லுங்கள். கிளினிக் நெரிசலில் அவர்கள் கேட்க மறந்தும் போகலாம்.

இனித் தலையிடி. நானும் முப்பது வருடக் கபாலக்குத்துக்காரிதான். இரவு டியூட்டியில் தலையைத் துவாயால் இறுக்கிக் கட்டி, நெற்றியில் சித்தாலேப பூசி, மருந்து அறையில் லைற்றை நிற்பாட்டிவிட்டுப் பத்து நிமிடம் குந்தியிருந்து எழும்பிப் போய் ஊசி போட்டிருக்கிறேன். தாதியாக இருந்த எனக்கும் "யோசினை" என்றுதான் சொன்னார்கள். கபாலக்குத்தை வைத்தியர்கள் மைக்ரேன் என்பார்கள். மைக்ரேன் ஸ்கானில் விழாது, தங்கச்சி. ஸ்கான் சுத்தமென்றால் மூளையில் கட்டி, கசிவு மாதிரி வேறொன்றும் தெரியவில்லை என்பதுதான் அர்த்தம். உங்கள் நோவு பொய்யென்று அந்தப் படம் சொல்லவில்லை.

இருபது வயதில் விலக்கோடு வந்ததற்கும் இப்போது கண்டபடி வருவதற்கும் வேர் ஒன்றுதான். உடம்பில் ஈஸ்ட்ரஜன் இறங்கும்போது மைக்ரேன் கிளம்புகிறது. முந்தி அது மாதமொருக்கால் ஒழுங்காக இறங்கியது. விலக்கு நிற்கப் போகும் வருடங்களில் ஏறி இறங்கிக் குதிக்கும், தலையும் கூடவே குதிக்கும். நின்ற பிறகு பலருக்குக் குறைவது உண்மை. ஆனால் அதற்குச் சிலருக்கு நாலைந்து வருடம் போகும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் "அன்றாடம் இரண்டு பனடோல்". மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் போட்டு, அது மாதக்கணக்கில் நீண்டால், அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரத் தொடங்கிவிடும். கோடீன் கலந்த குளிசைக்கும் மைக்ரேனுக்கென்றே உள்ள சுமாற்றிப்ரானுக்கும் மாதத்தில் 10 நாள் போட்டாலே அந்த நிலை வந்துவிடும். தலையிடிக்கிறது என்று போடுகிறீர்கள், போட்டதால் நாளைக்கும் இடிக்கிறது. வைத்தியரிடம் சொல்லிவிட்டு, பள்ளி விடுமுறை பார்த்து நிறுத்துங்கள். முதல் ஒரு கிழமை, பத்து நாள் மோசமாக இருக்கும். அந்த நாட்களில் சமையலைக் கணவர் பார்க்கட்டும், யோசினை தீர அதுவும் நல்ல மருந்து.

கிளினிக்குக்குப் போகமுன் ஒரு வேலை. குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரில் தலையிடித்த நாளுக்குச் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி, குளிசை போட்ட நாளுக்கு ஒரு கோடு, விலக்கு வந்த நாளுக்கு ஒரு வட்டம். இரண்டு மாதத் தாளைக் கிழித்துக்கொண்டு போங்கள். "அடிக்கடி வரும் டொக்டர்" என்றால் எழுதுவது பனடோல்தான். 18 புள்ளியைக் காட்டினால் கதை வேறு. யாழ் போதனா வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்கு ஒரு கடிதம் தரச்சொல்லிக் கேளுங்கள்.

கேட்க வேண்டியது தலையிடி வராமல் தடுக்கும் மருந்தைப் பற்றி. புரொப்பிரனலோல் தரலாம், தொய்வு (ஆஸ்துமா) இருந்தால் அது ஆகாது, முன்கூட்டியே சொல்லுங்கள். அல்லது இரவில் 10 மில்லிகிராம் அமிற்றிப்ரிலின். அதை வாங்கிய அன்று எங்கள் வீட்டில் ஒரு சண்டை. பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்துவிட்டு, "இது மனவருத்தக் குளிசையல்லோ!" என்றார் இவர். மனச்சோர்வுக்கும் கொடுப்பார்கள்தான்; அதற்கு அளவு இதைவிடப் பல மடங்கு. எனக்கு வாய் காய்ந்தது, முதல் கிழமை விடியத் தூக்கம் தெளியவில்லை, அவ்வளவுதான். இந்த மருந்துகள் வேலை செய்ய எட்டுப் பத்துக் கிழமை எடுக்கும். பத்து நாளில் "சரிவரேல்லை" என்று விட்டவர்களே அதிகம்.

தலையிடி பிடிக்கும் நாளுக்குத் தனி மருந்து உண்டு. தொடங்கிய உடனே போட வேண்டும், சத்தி எடுக்கத் தொடங்கினால் குளிசை வயிற்றில் நில்லாது. சுமாற்றிப்ரான் தந்தால் பிரஷர், இருதய வருத்தம் பற்றிச் சொல்லாமல் வாங்காதீர்கள். வெளிநாட்டுச் சொந்தங்கள் சொல்லும், மைக்ரேன் வராமல் தடுக்கும் மாத ஊசி 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நல்ல மருந்துதான், ஆனால் விலை கூட, முதற்படி அதுவல்ல.

வெள்ளிக்கிழமை விரதமென்றால் வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்காதீர்கள். பாலும் பழமும் எடுத்துப் பிடிக்கும் விரதத்தை முருகன் வேண்டாமென்று சொல்லமாட்டார். நேரம் தவறிய சாப்பாடும் கெட்ட நித்திரையும் கற்பூரப் புகையும் சேர்ந்தால் எனக்கு நிச்சயம்.

தலையிடி ஒரே நொடியில் உச்சிக்கு ஏறினாலோ, கைகால் விறைத்தாலோ, பேச்சுக் குழறினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். 50 வயதுக்குப் பிறகு புதுமாதிரித் தலையிடி, சப்பும்போது தாடை நோவு, நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலி, இவையும் தள்ளிப்போடக் கூடாதவை.

எனக்கு 54இல் விலக்கு நின்று, ஒன்றரை வருடத்தில் கபாலக்குத்து வரவரக் குறைந்தது. போன மாதம் செவ்வரத்தம்பூ ஆய்ந்துகொண்டு நிற்க, கண்ணுக்குள் அந்தப் பழைய கோடு ஓடியது. பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டில் இருந்தேன். இருபது நிமிடம் பார்த்தேன், தலையிடி வரவில்லை. ஆனாலும் கலண்டரில் ஒரு புள்ளி போட்டுவிட்டு, அடுத்த நாள் டொக்டரிடம் காட்டினேன்.