ஒரு ஃபேன் பின்னில் மூன்று ஃபேன் கொடுக்கலாமா?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வீடியோ எடிட் செய்யும்போது கொம்பியூட்டர் கொதிக்கிறது, 120 மில்லிமீட்டர் ஃபேன் மூன்று வாங்கிவிட்டேன், ஆனால் மதர்போர்ட்டில் ஃபேன் கொடுக்க ஒரு பின்தான் (ஃபேன் வயரைச் செருகும் இடம்) மிச்சம், மூன்றையும் அதில் கொடுத்தால் போர்ட் எரிந்துவிடுமா, இல்லை பவர் சப்ளையில் இருந்து நேரே எடுப்பதா?

ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒருக்கா பாருங்கள். 12 வோல்ட் என்பதற்குப் பக்கத்தில் 0.15, 0.25 என்று ஆம்பியர் போட்டிருக்கும். மூன்றையும் கூட்டுங்கள். பெரும்பாலான போர்ட்டுகளில் ஒரு ஃபேன் பின் தாங்குவது 1 ஆம்பியர், அதாவது 12 வாட். உங்கள் போர்ட்டின் மனுவலிலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடத் தொடங்கும் நொடியில் ஃபேன் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், ஆகவே எல்லைவரை போகாமல் 0.7, 0.8க்குள் நிறுத்துவது நல்லது. ஒன்று 0.2 என்றால் மூன்றுக்கும் 0.6தான், ஒரு பின்னை மூன்றாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் கேபிள் ஒன்று போதும், பயமே வேண்டாம். யூபிஎஸ் தாங்குமா என்றும் யோசிக்காதீர்கள், மூன்று ஃபேனும் சேர்ந்து 7 வாட் சொச்சம்தான்.

ஸ்ப்ளிட்டர் வாங்கும்போது முனைகளை உற்றுப் பாருங்கள். ஒன்றில் நாலு சிறு கம்பியும் (இவற்றையும் பின் என்றுதான் சொல்வது) இருக்கும், மற்றவற்றில் மூன்றாவது பின் இருக்காது. அது பழுது இல்லை, வேண்டுமென்றே விட்டது. அந்தப் பின்தான் ஃபேன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று போர்ட்டுக்குச் சொல்வது, இரண்டு ஃபேன் ஒரே நேரத்தில் சொன்னால் கணக்குக் குழம்பிவிடும்.

கூட்டுத்தொகை அதிகமாக வந்தால் சாட்டா பவரில் (ஹார்ட் டிஸ்க்குக்குக் கொடுக்கும் பவர் வயர்) ஓடும் ஃபேன் ஹப், அதாவது பல ஃபேனை ஒன்றாகக் கொடுக்கும் பெட்டி, வாங்குங்கள். கரண்ட் பவர் சப்ளையில் இருந்து வரும், வேகத்துக்கான சிக்னல் மட்டும் போர்ட்டில் இருந்து வரும். ஒன்று கவனிக்க வேண்டும்: இப்படியான ஹப் பெரும்பாலும் நாலு பின் ஃபேனின் வேகத்தைத்தான் மாற்றும், மூன்று பின் ஃபேனைக் கொடுத்தால் எப்போதும் முழு வேகத்தில் இரையும். மூன்று பின் என்றால் போர்ட்டிலேயே கொடுத்து பயோஸில் (போர்ட்டின் செட்டிங்) டிசி மோட் வையுங்கள், அது வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும்.

பவர் சப்ளையில் இருந்து வரும் பழைய நாலு வயர் முனையான மோலெக்ஸில் நேரே கொடுத்தாலும் ஃபேன் ஓடும், ஆனால் வேகக் கட்டுப்பாடு கிடையாது, இரவில் அந்தச் சத்தத்தோடு வேலை செய்ய முடியாது. அதில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் கிரவுண்ட். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றும் வேலை மட்டும் தயவுசெய்து வேண்டாம். மோலெக்ஸை சாட்டாவாக மாற்றும் மலிவான வார்ப்பு அடாப்டரும் (வயரோடு சேர்த்து பிளாஸ்டிக் வார்த்தது) வேண்டாம், அது உருகித் தீப்பிடிக்கக் கூடியது.

ஃபேனில் கலர் லைட் இருந்தால் அதற்குத் தனி வயர் வரும். மூன்று பின் லைட் என்றால் 5 வோல்ட், நாலு பின் லைட் என்றால் 12 வோல்ட். 5 வோல்ட் லைட்டை 12 வோல்ட்டில் கொடுத்தால் லைட் அந்த நிமிடமே போய்விடலாம்.

அப்புறம், சித்திரை வெயிலில் அறையே 34 பாகை இருக்கும்போது எத்தனை ஃபேன் போட்டாலும் உள்ளே அதற்குக் கீழ் இறங்காது. முதலில் ஹீட்சிங்கில் (ப்ராசஸரின் சூட்டை இறக்கும் உலோகத் தகடுகள்) அடைந்திருக்கும் புழுதியைத் தட்டுங்கள், எங்கள் ஊர்ப் புழுதிக்கு அதுவே சூட்டை நன்றாகக் குறைக்கலாம். பிறகு இரண்டு ஃபேனை முன்னால் காற்றை உள்ளே இழுக்கவும் ஒன்றைப் பின்னால் வெளியே தள்ளவும் பூட்டுங்கள். ஃபேனின் குறுக்குச் சட்டம் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும்.