இராச்சாப்பாட்டுக்குப் பிறகும் ஏன் கொறிக்கத் தோன்றுகிறது?

சாப்பிட்டு முடித்த பிறகும் மிக்சர் டப்பாவைத் தேடிக் கை போவதுதான் இரவுக் கொறிப்பு. பெரும்பாலும் இது வயிற்றுப் பசி அல்ல. உடலின் உள்கடிகாரமே மாலைக்கு மேல் இனிப்பு, உப்பு மீதான ஆசையைக் கூட்டுகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பும் ஏறுகிறது. ஓசூர் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்துக் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறுபவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

பகலில் பட்டினி கிடப்பது கந்துவட்டிக்குக் கடன் வாங்குவது போல. இரவில் வட்டியோடு கேட்கும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இரவில் கேழ்வரகுக் களியும் கொள்ளுக் கடைசலும் இருந்தால் நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்து வயிறு நெடுநேரம் தாங்கும். (நம் ஊரில் இதை விட்டுவிட்டுப் பரோட்டாவுக்கு வரிசையில் நிற்கிறோம்!) மிக்சர் டப்பா பரண் மேல் போகட்டும்; ஏணி போடுவதற்குள் பாதி ஆசை அடங்கிவிடும்.

இரவில் எது தின்றாலும் அப்படியே கொழுப்பாகிவிடும் என்பது தவறு. உடல் எடையில் பெரும்பங்கு நாள் முழுவதும் சாப்பிட்ட மொத்த அளவுக்குத்தான், உண்மையாகவே பசித்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம்.